கூரைத் தகட்டுக்கு இன்றே முற்பணம் கேட்கிறார்

கேள்வி: ஆரையம்பதியில் எங்கள் வீடு 1,200 சதுர அடி, கூரை அஸ்பெஸ்டாஸ் சீற். கச்சான் வீசும் மாதங்களில் நள்ளிரவு கடந்தும் அறையின் வெக்கை தணிவதில்லை. கூரைக்கு வெப்பத்தடுப்புத் தகடு விற்க வந்தவர், கட்டடச் சட்டப்படி அது எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்றும், பாதிச் செலவை அரசு திருப்பித் தரும் என்றும் கூறி, இன்றே முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை 2008 இல் வெளியிட்ட வலுச் சிக்கனக் கட்டடக் கோவை, நான்கு மாடிக்குக் குறையாத அல்லது 500 சதுர மீற்றருக்குக் குறையாத பரப்புள்ள பெரிய கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது; உங்கள் வீடோ ஏறத்தாழ 111 சதுர மீற்றர்தான். அரசு பணம் தருவதாகச் சொல்பவரிடம் அதற்கான சுற்றறிக்கையைக் கேளுங்கள். அதை உங்கள் பிரதேச செயலகத்தில் காட்டி உறுதிப்படுத்திய பிறகே பேச்சு. பொருள் வாங்கினால் பற்றுச்சீட்டு கேட்டுப் பெறுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

ஆனாலும் அவர் கூரையைக் காட்டியது சரிதான். பகல் முழுவதும் வெயிலில் காயும் சீற், தன் சூட்டைக் கீழ்நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். கைமரங்களின் அடியில் அலுமினியத் தாளை, பளபளப்பான முகம் கீழே பார்க்க, சீற்றுக்கும் தாளுக்கும் நடுவே ஓரங்குலமாவது காற்றிடை விட்டு அடித்தால் அச்சூட்டின் பெரும்பகுதி அறைக்குள் இறங்காது. இடைவெளியின்றி ஒட்டினால் பயன் குறையும். முகட்டருகே சூடான காற்று வெளியேற வழியும் இருக்கட்டும். மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பதும் பயன் தரும். மாரி மழையில் பாசி படிந்தால் அந்தப் பயன் குறையும். அஸ்பெஸ்டாஸைச் சுரண்டவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரமாக்கி மென்மையாகக் கழுவுங்கள்.

அடுத்தது மின்விசிறி. 75 வோட்ஸ் விசிறி நாளுக்கு 12 மணி நேரம் சுற்றினால் மாதம் 27 அலகு. 30 வோட்ஸ் பீஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) விசிறிக்குப் பதினொன்றுக்கும் குறைவு. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டண வீதம் மாறுவதால், எல்லையோரத்தில் நிற்கும் வீட்டுக்கு இந்தப் பதினாறு அலகு பெரிய தொகை. கூரைச் சூரிய மின்தகட்டை இவ்விரண்டுக்கும் பிறகு, குறைந்த பாவனைக்கு ஏற்ற அளவில் கணக்கிட்டு வாங்குங்கள்.