சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆனால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேம் ஆரம்பித்து 20 நிமிடத்தில் சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத் திரை, எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. கேபினெட்டின் மேல்பக்கம் தொட்டால் சுடுகிறது. படம் பார்க்கும்போது பிரச்சினையே இல்லை. தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) மாற்றினால் சரியாகுமா?

பதில்: பேஸ்ட் ட்யூபை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். சூடும் ரீஸ்டார்ட்டும் ஒரே கோளாறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்றைய ப்ராசஸர் சூடானதும் சட்டென்று அணைந்துவிடாது. முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில் இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலும் 90, 7000 வரிசையில் 95. சூடுதான் காரணம் என்றால் ரீஸ்டார்ட்டுக்கு முன்பே கேம் திணறத் தொடங்கியிருக்கும். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால்தான் சிஸ்டம் அணையும், அணைந்தபின் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது கண்ணிமைக்கும் நேரத்தில் போய், தானே எழுந்து வருகிறதென்றால் முதலில் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஊகத்தை விட்டு அளந்து பாருங்கள். எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளில் சென்சார் பகுதியை மட்டும் திறந்து, லாகிங்கை (அளவுகளை ஃபைலில் பதியும் வசதி) ஓடவிட்டு விளையாடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் அந்த ஃபைலின் கடைசி வரிகளைப் படியுங்கள். ப்ராசஸர் 75, கிராஃபிக்ஸ் கார்டு 70 என்று நிற்கிறதா? இவை இரண்டின் மேலும் பழி போட முடியாது. ப்ராசஸர் 100-ஐத் தொட்டு, கிளாக் வேகமும் சரிந்திருக்கிறதா? கூலரைப் பார்க்க வேண்டியதுதான். கிராஃபிக்ஸ் கார்டில் 'ஹாட் ஸ்பாட்' என்றொரு வரி இருந்தால் அதையும் பாருங்கள். கார்டின் பொது வெப்பநிலையைவிட அது 10, 15 டிகிரி கூடுதலாக இருப்பது சகஜம். 30 டிகிரி வித்தியாசம் என்றால் கார்டுக்குள் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது கூலர் சரியாக அழுந்தவில்லை.

அடுத்து, நடந்தவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவர். அதில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. உருப்படியான தகவல் அதன் விவரப் பகுதியில் உள்ள 'பக்செக் கோட்' என்ற பிழை எண். அது 0 என்றால் பெரும்பாலும் விண்டோஸ் எதையும் எழுதிவைக்கும் முன்பே மின்சாரம் அறுந்திருக்கிறது அல்லது மதர்போர்டு ரீசெட் ஆகியிருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்து, நீங்கள் பார்க்கும் முன்பே மறைந்துவிட்டது என்று பொருள். 'ஹியா லாகர் (WHEA-Logger) 18' என்ற பதிவும் பக்கத்தில் இருந்தால் ப்ராசஸரே பிழை சொல்லியிருக்கிறது. ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது), மெமரியை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி மூன்றையும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். 20 நிமிடத்தில் விழுந்த கேம் இரண்டு மணி நேரம் நிற்கிறது, லாகிலும் சூடு இல்லை என்றால் விடை கிடைத்த மாதிரிதான். 300 வாட் என்று போட்ட கார்டு சில மில்லிநொடிகளுக்கு அதைவிட வெகு அதிகமாக இழுக்கும். லாகிங் சாதாரணமாக 2 நொடிக்கு ஒருமுறைதான் பதிவதால் இந்தத் துள்ளல் அதில் தெரியாது. அந்த இழுப்பைத் தாங்காமல் 12 வோல்ட் சரிந்தால் மதர்போர்டு ரீசெட் ஆகிவிடும்.

உடனே புது எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடாதீர்கள், கேபிளைப் பாருங்கள். ஒரு 8 பின் இணைப்புக்கான கணக்கு 150 வாட். ஒரே கேபிளின் இரண்டு தலைகளைக் கார்டில் செருகியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களாக மாற்றுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த மாடுலர் (தனியே கழற்றி மாட்டும்) கேபிளை மட்டும் எடுத்து மாட்டிவிடாதீர்கள். செருகும் முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஹார்டு டிஸ்க்கும் மதர்போர்டும் கருகிப்போக வாய்ப்புண்டு.

கேள்வி: தூசி தட்டி, புது பேஸ்ட் வைத்து மாட்டினேன். இப்போது ஆன் செய்தவுடன் 95 டிகிரி! முன்பு 80-ஐத் தாண்டியதில்லை.

பதில்: கூலரைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கூலரும் புதிதென்றால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும், அதை உரிக்காமல் மாட்டுபவர்கள் ஏராளம். தாள் இல்லையென்றால் பேஸ்ட் பதிந்திருக்கும் விதத்தைப் படியுங்கள். ஒரு பக்கம் மெல்லிய படலமாகவும் மறுபக்கம் கட்டியாகவும் இருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூவை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் இப்படித்தான் ஆகும். எதிரெதிர் மூலைகளாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று வீதம் முடுக்குங்கள். மறுபடி மாட்டுமுன் பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ஃபேன் வயர் 'சிபியு ஃபேன்' பின்னில் இருக்கிறதா, ஃபேன் திசை சரியா என்பதையும் பாருங்கள். குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

ப்ராசஸர் உட்காரும் இடம் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் என்றால் ஒரு எச்சரிக்கை. கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மெதுவாக இடமும் வலமும் திருகிக் கழற்றுங்கள்.

கேள்வி: பக்கவாட்டு மூடியைத் திறந்துவைத்தே விளையாடலாமா?

பதில்: சோதனைக்கு அரை மணி நேரம் திறந்துவையுங்கள். 10 டிகிரி குறைந்தால் முன்பக்கக் காற்று வழி அடைபட்டிருக்கிறது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போய்விடும். திறந்துவைத்தும் ஒரு டிகிரிகூடக் குறையவில்லையா? கோளாறு கேபினெட்டில் இல்லை, கூலரில்.