நடுவில் நிற்பதும் ஒதுங்கி நிற்பதும்

கேள்வி: தலைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒருவர், வாய்க்கால் தகராறில் கடைமடைக்காரர் சொல்வதே நியாயம் என்றார். அவரைச் சென்ற இதழில் 'நடுநிலையாளர்' என்று எழுதியிருந்தீர்கள். வழக்கில் தொடர்புடையவர், ஒரு பக்கம் பேசியவர். அவர் எப்படி நடுநிலையாளர் ஆவார்?

பதில்: தாராளமாக ஆவார். எந்தப் பக்கமும் சேராமல் வாய் மூடியிருப்பவருக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதுதான் பிற்கால வழக்கம். அது சோம்பலுக்கும் அச்சத்துக்கும் நல்ல போர்வையாகிவிட்டது.

திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவு நிலைமைக்கு விளக்கம் தரும் பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதியிலும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்பதே அது என்கிறார். நொதுமல் என்பது அயலாரைக் குறிக்கும். மூவருக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அங்கே பேச்சு. முடிவு சொல்லக்கூடாது என்பதன்று. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்னும் 118ஆம் குறளை மேடைதோறும் சொல்பவர்கள், அந்தக் கோல் முதலில் சமனாக நின்று, பிறகு வைத்த பாரத்தை உள்ளபடி காட்ட வேண்டும் என்பதில் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். எதை வைத்தாலும் அசையாத தராசைக் கடைத்தெருவில் யாரும் வாங்குவதில்லை.

தொடர்புடையவர் என்ற தங்கள் ஆட்சேபத்துக்குப் பட்டினப்பாலையிலேயே விடை இருக்கிறது. 'நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்று அது புகழ்வது நீதிபதிகளையல்ல, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை. விற்பவரும் வாங்குபவரும் வழக்கின் ஒரு தரப்பே அல்லவா? ஆயினும் தம்முடைய பொருளையும் பிறருடைய பொருளையும் 'ஒப்ப நாடி', கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடாமலும் இருந்ததால் அவர்களுக்கு அந்தப் பெயர் கிடைத்தது. தன் வயலுக்கு வரும் நீர் குறையும் என்று தெரிந்தே பேசியவர் அந்த வணிகர்களின் வரிசையில் நிற்பவர்.

நடுவுக்கு எதிர்ச்சொல் ஓரம். மன்றத்தில் ஓரம் சொன்னவர் வீட்டில் வெள்ளெருக்குப் பூக்கும், மூதேவி குடியிருப்பாள் என்று ஔவையாரின் நல்வழி சபிக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கூடவும் ஒரு பிள்ளைக்குக் குறையவும் செய்வதை ஓரவஞ்சனை என்கிறோமே, அதிலிருப்பதும் இந்த ஓரமே. (அரசு அறிக்கைகளுக்கு ஏனோ 'பாரபட்சம்' என்றால்தான் திருப்தி.)

அவர் ஓரம் சொன்னார் என்று கருதினால், எந்தச் சான்றை மறைத்தார், யாருக்கு வேறு அளவு வைத்தார் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.