ஸ்பானர் பதில்கள்: ரெண்டு இன்ச் ஏத்துறதுக்கு ரெண்டு வாரம்

கேள்வி: அண்ணே, என்கிட்ட முப்பது வருஷப் பழைய ஜீப் ஒண்ணு இருக்கு, முன்னாடி பின்னாடி ரெண்டும் பட்டை ஸ்பிரிங், பின்பக்கம் ஒரு சைடா சாஞ்சு உக்காந்துருச்சு. 4 இன்ச் லிஃப்ட் கிட் பாத்து வச்சிருக்கேன், பட்டை, அத ஆக்சிலோட சேத்துக் கட்டற யூ போல்ட், குலுக்கல அடக்கற ஷாக் எல்லாம் அதுலயே வருது. நானும் மச்சானும் ஒரு சனி ஞாயிறுல வீட்லயே மாட்டிடலாமா?

பதில்: மாட்டலாம் தம்பி, ஆனா 4 இன்ச்ச 2 ஆக்குங்க, ஒரு சனி ஞாயிற ரெண்டு ஆக்குங்க. 2 இன்ச் வரைக்கும் பழைய புரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்கு சுத்து கொண்டு போற நீளத் தண்டு), பிரேக் ஹோஸ், ஸ்டீரிங் ராடு எல்லாம் பெரும்பாலும் எப்படியோ சமாளிச்சுக்கும், 4 போனீங்கன்னா அது ஒவ்வொண்ணும் எனக்கும் ஏதாவது வாங்கிக் குடுன்னு வரிசையில வந்து நிக்கும். உங்க பட்டை தொங்கிப் போயிருக்கறதால புதுசு மாட்டினதுமே கம்பெனில வந்த உயரம் திரும்பி வரும், அதுக்கு மேல 2 இன்ச்னா உங்க கண்ணுக்கு மூணு மூணரை மாதிரி தெரியும்.

இன்னொண்ணு, லிஃப்ட் போட்டா வண்டி கல்லுல இடிக்காதுன்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. சேஸிஸ் ஏறும், முன்மூக்கும் நடுவயிறும் தப்பிக்கும், ஆனா ஆக்சிலுக்கு நடுவுல தொங்குதே டிஃபரன்ஷியல் குண்டு (ரெண்டு சக்கரத்துக்கும் சுத்தப் பிரிச்சுக் குடுக்கற கியர் பெட்டி), அது ஒரு நூல்கூட ஏறாது, ஏன்னா அது சக்கரத்தோட சேர்ந்தது. அத ஏத்தணும்னா பெரிய டயர்தான் வழி, அதுலயும் டயர் விட்டம் 2 இன்ச் கூடினா குண்டு 1 இன்ச் தான் ஏறும். லிஃப்ட்டோட உண்மையான வேலை அந்தப் பெரிய டயருக்கு எடம் பண்ணிக் குடுக்கறது.

வேலைக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லா போல்ட்டுக்கும் சாயங்காலம் சாயங்காலம் துரு இளக்கற ஆயில் அடிச்சு வைங்க. பழைய வண்டில பாதி நாளத் திங்கறது ஷாக்கிள் (பட்டை நுனிய சேஸிஸோட சேக்கற, ஆடற இணைப்பு) போல்ட்தான், ரப்பர் புஷ்ஷுக்குள்ள இருக்கற இரும்புக் குழாயோட துருப்புடிச்சு ஒட்டிக்கும், நட்டு கழண்டுரும், போல்ட்டு சுத்தும், வெளிய மட்டும் வராது. என் வண்டில ஒரே ஒரு போல்ட்டுக்கு மத்தியானம் பூரா போச்சு, கடைசில கிரைண்டர் வச்சு அறுத்தேன், அறுத்து முடிச்சப்புறம்தான் கையில மாத்துப் போல்ட் இல்லன்னு ஞாபகம் வந்துச்சு, வண்டி மூணு நாள் ஸ்டாண்ட் மேலயே நின்னுச்சு. அதனால புது போல்ட்டும் புஷ்ஷும் கைக்கு வராம வேலையத் தொடாதீங்க. கிரைண்டரோ கேஸ் நெருப்போ எடுக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப், பிரேக் பைப் எங்க இருக்குன்னு ஒருதடவை குனிஞ்சு பாத்துருங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு மூலையிலயும் சக்கரத்தோட நடு மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வைங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயர்ல காத்து கூடக் குறைய இருந்தா கணக்கு மாறிடும்.

நான் எப்பவும் பின்பக்கம்தான் முதல்ல எடுப்பேன், அங்க ஸ்டீரிங் தலைவலி இல்ல, கை பழகிரும். கான்கிரீட் தரை, சமமா இருக்கணும். முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுங்க, ஹேண்ட் பிரேக்க நம்பாதீங்க, அது பின்சக்கரத்தப் புடிக்கற வண்டின்னா பின்பக்கம் தூக்கினதும் அதுக்கு வேலையே இல்ல. சேஸிஸுக்கு அடியில ரெண்டு ஸ்டாண்ட், ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி. ரெண்டு பக்கப் பட்டையையும் ஒரே நேரத்துல கழட்டிடாதீங்க, ஆக்சில் அந்தரத்துல உருள ஆரம்பிச்சா ரெண்டு பேராலயும் புடிக்க முடியாது. ரெண்டு பக்கமும் ஷாக்கக் கழட்டிட்டு, ஒரு பக்க யூ போல்ட்ட எடுத்து, ஜாக்கிய மெதுவா எறக்கி, அந்தப் பட்டைய மாத்தி முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போங்க.

புதுப் பட்டைய மாட்டும்போது சென்டர் போல்ட்டோட தலை ஆக்சில் மேல இருக்கற ஓட்டைக்குள்ள சரியா உக்காரணும், உக்காராம யூ போல்ட்ட முறுக்கினா ஆக்சில் கோணலாப் போயிடும். சில பட்டைல சென்டர் போல்ட்டுக்கு முன்பாதியும் பின்பாதியும் ஒரே நீளம் இருக்காது, பழச பக்கத்துல வச்சுப் பாத்துட்டு மாட்டுங்க. யூ போல்ட் புதுசுதான் போடணும், ஒருதடவை இழுபட்ட போல்ட் மறுபடி அதே புடி குடுக்காது. நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா, கிட் பேப்பர்ல போட்டிருக்கற அளவுக்கு முறுக்கற பலத்த அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்குங்க.

இப்ப முக்கியமான எடம், நல்ல மெக்கானிக்கே அவசரத்துல மறந்துடறது: பட்டை கண்ணுலயும் (நுனில சுருண்டிருக்கற ஓட்டை) ஷாக்கிள்லயும் இருக்கற போல்ட்ட வண்டி தூக்கில இருக்கும்போது ஃபைனல் டைட் பண்ணாதீங்க. கையால போதுமான அளவு வச்சுட்டு, சக்கரம் மாட்டி, வண்டியத் தரையில எறக்கி, நாலு குலுக்கு குலுக்கிட்டு அப்புறம் முறுக்குங்க. தூக்கில முறுக்கினா ரப்பர் புஷ் அந்தத் தொங்கற நிலையிலயே புடிச்சுக்கும், எறக்கினதும் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சுரும், வண்டியும் நிக்க வேண்டிய உயரத்துல நிக்காது.

முடிஞ்சதும் ஆக்சில முழுசாத் தொங்கவிட்டு, ஸ்டீரிங்க இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பி பிரேக் ஹோஸ் எங்கயாவது விறைச்சு நிக்குதான்னு பாருங்க. டிஃபரன்ஷியல் காத்து ட்யூப், ஹேண்ட் பிரேக் கேபிள் அதே மாதிரி. சில வண்டில பின் ஆக்சில்ல இருந்து ஒரு கம்பி மேல பிரேக் வால்வுக்குப் போகும், பாரத்தப் பாத்து பின் பிரேக்க கூட்டிக் குறைக்கறதுக்கு. லிஃப்ட் போட்டதும் அந்த வால்வு வண்டி காலியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு பின் பிரேக்க குறைச்சுரும், அந்தக் கம்பியோட பிராக்கெட்ட ஏத்தின அளவுக்கு மாத்தி வைக்கணும்.

கேள்வி: பட்டை மாத்த பட்ஜெட் இல்ல சார். நீள ஷாக்கிளும், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல வைக்கற பிளாக்கும் வச்சு ஏத்திக்கலாமா?

பதில்: பின்பக்கம் ஒரே ஒரு பிளாக், நல்ல இரும்புல, சரியான நீளத்துக்கு யூ போல்ட்டோடன்னா பரவால்ல. முன்பக்கம் வேண்டவே வேண்டாம், பிரேக் அடிக்கும்போது முன் ஆக்சில் முறுக்கற முறுக்குல பிளாக் நழுவினா ஸ்டீரிங்கே கையில இருக்காது. பிளாக் மேல பிளாக் எந்தப் பக்கமும் கூடாது. ஷாக்கிள் 2 இன்ச் நீளம் கூடினா வண்டி 1 இன்ச் தான் ஏறும், கூடவே ஆக்சிலும் கொஞ்சம் சுத்திக்கும், முன்பக்கம்னா அது ஸ்டீரிங்ல தெரியும். காசு சேரட்டும் சார், பட்டை எங்கயும் ஓடிடாது.

கேள்வி: லிஃப்ட் போட்டதுல இருந்து 60 தாண்டினா சீட்டுக்கு அடியில ஒரே அதிர்வு. சக்கரம் பேலன்ஸ் ரெண்டு தடவை பண்ணியாச்சு.

பதில்: சக்கரத்த விடுங்க, புரொப்பல்லர் ஷாஃப்ட்டப் பாருங்க. அதோட கோடியில இருக்கற மூட்டு, கிராஸ் ஜாயிண்ட், சாய்வா இருந்துட்டு சுத்தும்போது ஒரே சீரா சுத்தாது, ஒரு சுத்துல ரெண்டு தடவை வேகம் கூடி ரெண்டு தடவை குறையும், மறுகோடியில இருக்கற ஜாயிண்ட்டும் அதே கோணத்துல இருந்தா இந்த ஏத்த இறக்கத்த அது சரிக்கட்டிடும். அதாவது ரெண்டு கோடியிலயும் ஒவ்வொரு கிராஸ் இருக்கற ஷாஃப்ட்னா டிரான்ஸ்ஃபர் கேஸோட (முன் பின் ஆக்சிலுக்கு சுத்தப் பிரிச்சு அனுப்பற பெட்டி) வெளித்தண்டும், ஷாஃப்ட் வந்து சேர்ற டிஃபரன்ஷியல் மூக்கும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். கோணம் அளக்கற ஆப் போன்லயே இருக்கு, வண்டி தரையில நிக்கும்போது அளந்து பாருங்க. விலகியிருந்தா பட்டைக்கு அடியில ஆப்பு மாதிரி சரிவுத்தகடு வைக்கலாம், இரும்புத் தகடு வாங்குங்க, அலுமினியம் நசுங்கி உடையும். அதுக்கு முன்னாடி ஒண்ணு, ஷாஃப்ட்ட நடுவுல பிரிச்சு மாட்டினீங்களா? பல்லு மாறி மாட்டியிருந்தாலும் இதே அதிர்வு வரும், அப்படின்னா செலவே இல்ல.

கேள்வி: ஏத்தினப்புறம் ஸ்டீரிங் வீல் கோணலா நிக்குது, நேர் ரோட்ல வண்டி அங்கயும் இங்கயும் அலையுது, பிரேக் அடிச்சா ஒரு பக்கமா திரும்புது. கேஸ் பெருசா அண்ணே?

பதில்: மூணும் மூணு கேஸ். வீல் கோணல் சின்னது, ஸ்டீரிங் பெட்டில இருந்து சக்கரத்துக்குப் போற டிராக் லிங்க் ராடோட நீளத்த அட்ஜஸ்ட் பண்ணினா நேராயிடும். பிரேக்ல திரும்பறது அந்த டிராக் லிங்க் ரொம்பச் சரிவா நிக்கறதால, மூக்கு அமுங்கும்போது லிங்க் தானே சக்கரத்தத் தள்ளிவிடுது, ஸ்டீரிங் பெட்டில லிங்க்க மாட்டற கை, பிட்மேன் ஆர்ம், அத எறக்கமானதா போட்டு அத கிட்டத்தட்ட படுக்கையா கொண்டு வரணும். அலையறது காஸ்டர்ங்கற சாய்வு குறைஞ்சதால, முன்சக்கரம் திரும்பற அச்சு, அதாவது கிங்பின்னோட மேல்பக்கம் பின்னால சாஞ்சு இருக்கணும், சரிவுத்தகடு வச்சு சாய்க்கலாம், ஆனா அப்படிச் சாய்ச்சா முன் டிஃபரன்ஷியல் மூக்கு கீழ குனியும், ஷாஃப்ட் கோணம் கெடும். ரெண்டும் சேர்ந்து கெடைக்காது. முன்பக்கம் நான் காஸ்டர் பக்கம்தான் நிப்பேன், முன்சக்கரத்த ஆக்சில் தண்டுல இருந்து பிரிச்சு விடற ஹப்ப ஃப்ரீ பண்ணிட்டு ரோட்ல போனா முன் ஷாஃப்ட் சுத்தவே போறதில்ல. இதெல்லாம் சரி பண்ற வரைக்கும் வேகமா ஓட்டாதீங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் பத்து நாளா வண்டிக்கு அடியிலயே குடியிருக்கார். வெறும் ஜாக்கி மட்டும்தான் நிக்குது, கேட்டா நல்ல ஜாக்கின்னு சொல்றார். நீங்களாவது சொல்லுங்க.

பதில்: அவர வெளிய வரச்சொல்லிட்டு இதப் படிச்சுக் காட்டுங்கம்மா. ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு ஸ்டாண்ட். எவ்வளவு நல்ல ஜாக்கியா இருந்தாலும் உள்ள ஒரு ரப்பர் சீல் போனா எறங்கிரும், சொல்லிட்டு எறங்காது. ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கி வச்சிருந்தா அதையும் எடுத்துடுங்க, அது நொறுங்கும். ஸ்டாண்ட் வச்சதும் அவரே வண்டியப் புடிச்சு நல்லா ஆட்டிப் பாக்கட்டும், கழட்டின சக்கரத்த சேஸிஸுக்கு அடியில படுக்கப் போட்டு வைக்கட்டும், அப்புறம் உள்ள போகட்டும். வேலை முடிஞ்சு ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டினதும் யூ போல்ட்ட மறுபடி முறுக்கிப் பாக்கச் சொல்லுங்க, 500லயும் ஒருதடவை. ஹெட்லைட்டையும் எறக்கி வைக்கச் சொல்லுங்க, எதுக்க வர்றவங்க கண்ணு கூசும்.