இறந்தகாலத்தில் எழுதிய அட்டைகள்

அன்புள்ள ஐயாவுக்கு,

அரையாண்டு விடுமுறையில் மகனை அழைத்துக்கொண்டு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி ஊட்டிக்குப் போயிருந்தேன். ஏரி, பூங்கா, சாக்லேட் கடை எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டன. மறுநாள் விடுதிக்காரர் சொன்னதைக் கேட்டு, மலைவாழ் மக்களைப் பற்றிய ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். கேரட் தோட்டங்களுக்கு நடுவில் பஸ் இறக்கிவிட்டது. மேடேறிப் போனால் கதவு பூட்டியிருந்தது. சற்று நேரத்தில் ஒருவர் சாவியோடு வந்து திறந்தார். உள்ளே நாங்கள் இருவர்தான். மூங்கில் பால்குழாய்கள், மத்து, கோத்தர்களின் மண்பானைகள், குறும்பர்களின் தேன்கூடை, கண்ணாடிக்குள் ஒரு தோடர் போர்வை. அரை மணி நேரத்தில் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

வெளியே வரும்போது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், “அம்மா, இவர்கள் எல்லோரும் எப்போது இல்லாமல் போனார்கள்?” என்று கேட்டான். நான் பதிலை யோசிப்பதற்குள் பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. அங்கே அதே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பாட்டி செல்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மகன் என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாகிவிட்டது.

இவ்வளவு அருமையான பொருள்களை ஆள் வராத மலையில் பூட்டி வைப்பானேன்? எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தால் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பார்ப்பார்களே! உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எஸ்., பெரம்பூர்

*

அன்புள்ள எஸ்.,

அருங்காட்சியகத்தின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். சாவியோடு வந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவராக இருக்கலாம். ‘பூட்டியிருந்தது’ என்ற ஒரு சொல்லுக்காக யாரும் அவரிடம் விளக்கம் கேட்டுவிடக் கூடாது.

உங்கள் கேள்வியைவிட மகனின் கேள்வி பெரியது. அவன் எங்கிருந்து அந்த முடிவுக்கு வந்தான்? அட்டைகளிலிருந்துதான். இப்படிப்பட்ட இடங்களில் பொருளைப் பார்ப்பதற்கு முன் அட்டையை வாசிக்கும் கெட்ட பழக்கம் எனக்கும் உண்டு. “தோடர்கள் எருமை வளர்த்தனர்.” “கோத்தப் பெண்கள் பானை வனைந்தனர்.” “குறும்பர்கள் தேன் எடுத்தனர்.” வளர்த்தனர், வனைந்தனர், எடுத்தனர். அறை முழுக்க இதே முடிவுதான். நம் இலக்கணம் இந்தக் காலத்துக்கு வைத்திருக்கும் பெயர் இறந்தகாலம். அரை மணி நேரம் இந்த வினைமுற்றுகளை வாசித்துவிட்டு வெளியே வந்த பிள்ளை, ‘எப்போது இல்லாமல் போனார்கள்’ என்று கேட்டால் அவனுக்குத் தமிழ் நன்றாக வருகிறது என்று அர்த்தம். மதிப்பெண் போடுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. என் பாட்டி எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றுதான் சொல்வார். சென்ட்ரல் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியது. 1855-இல் அதன் வளாகத்திலேயே விலங்குகளையும் வைத்தார்கள். பிறகு விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோய், 1985-இல் வண்டலூரில் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத என் பாட்டிக்கு வகைப்பாடு தெளிவாக இருந்தது: பாடம் பண்ணியவை ஒரு காலேஜ், மூச்சு விடுபவை இன்னொரு காலேஜ். மனிதர்களை எதில் சேர்ப்பது என்ற சங்கடம் அவருக்கு வரவில்லை.

அந்தச் சங்கடம் எழும்பூருக்கு வந்தது. எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1885-இல் அங்கே பொறுப்பேற்றார். தோடர்களையும் கோத்தர்களையும் பற்றி அவர் எழுதியது 1896-இல் அருங்காட்சியக வெளியீடாகவே வந்தது. நாடாவும் இடுக்கியுமாக ஆள்களை நிறுத்தி வைத்துத் தலையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்கி ஓர் எண். கைப்பிடியின் பலத்தைப் பார்க்க ஒரு கருவி. அதை அழுத்தச் சொல்லி இன்னோர் எண். ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளை நானும் அவ்வப்போது புரட்டுகிறவன்தான், நன்றி கெட்டுப் பேசவில்லை. அவற்றில் வழக்கங்கள் இருக்கின்றன, கதைகள் இருக்கின்றன. ஆனால் அந்த மூக்கு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இன்னொரு மனிதரோடு அரை வார்த்தை பேசியிருக்க முடியாது.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் எனக்கும் அதே எண்ணம்தான். மலை ஈரத்தில் மூங்கிலில் பூஞ்சை பூக்கிறது, துணியில் கறை இறங்குகிறது. எழும்பூரிலோ உலோகத்தையும் துணியையும் காப்பாற்றத் தெரிந்த ஆய்வகம் 1930-களிலிருந்தே இருக்கிறது. கூட்டமும் வருகிறது. மூட்டை கட்டிக் கீழே இறக்குவதுதான் நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பை ஒரு போர்வை மாற்றியது.

சில வருடங்களுக்கு முன், நீங்கள் போனது போன்ற ஓர் இடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். காவலர் என்று சொல்வதா, பொறுப்பாளர் என்று சொல்வதா தெரியவில்லை. டிக்கெட் கிழிப்பதும் தரை துடைப்பதும் விளக்கம் சொல்வதும் அவர் ஒருவரே. அப்போது பேத்தியோடு ஒரு தோடர் பாட்டி உள்ளே வந்தார். அருங்காட்சியகம் பார்க்க அல்ல, அவரும் மழைக்குத்தான். சும்மா நிற்க முடியாமல் கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றி வந்தவர், போர்வையின் முன்னால் நின்றார். புத்துக்குளி என்று அதற்குப் பெயர். கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி, ஓரங்களில் சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை. கோடு வரைந்துகொண்டு தைப்பதில்லை. துணியின் இழைகளைக் கண்ணாலும் விரலாலும் எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. பெண்கள் மட்டுமே செய்யும் வேலை. இதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பாட்டி கண்ணாடியில் விரலை வைத்துத் தட்டினார். “தம்பி, இதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பளிச்சென்று, வழவழவென்று, நெய்தது போல இருந்த பக்கம்தானே வெளியே இருந்தது? காவலர் தயங்கவில்லை. இடுப்புச் சாவியை எடுத்தார், பெட்டியைத் திறந்தார். பாட்டி போர்வையை எடுத்து ஒரு உதறு உதறி மறுபக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் நூல் சின்னச் சின்ன மேடுகளாக எழும்பி நின்றது. கம்பளிப் புழுவின் முதுகு போல, தடவினால் கைக்குத் தெரியும். “இதுதான் முகம்,” என்றார். தன் தோளில் கிடந்த போர்வையை இழுத்து என் கையில் கொடுத்து, “தொட்டுப் பாருங்கள்,” என்றார். அவர் போர்த்தியிருந்ததிலும் மேடு தட்டும் பக்கம்தான் வெளியே இருந்தது. நாம் ‘பின்பக்கம்’ என்று மறைத்துவிடும் முடிச்சும் மேடும் அவர்களுக்கு அழகு. இரண்டு மடிப்புகளுக்கு நடுவே பை போல இடம் இருந்தது. பேத்தியின் பிஸ்கட் பொட்டலம் அதற்குள்ளிருந்து வெளியே வந்தது.

போர்வை திரும்பி உள்ளே போனது. பெட்டி பூட்டப்பட்டது. எல்லாம் இரண்டு நிமிடம். கீழே “தோடர்கள் இப்போர்வையை அணிந்தனர்” என்ற அட்டை அப்படியே இருந்தது. நான் அதைக் காட்டினேன். காவலர் சிரித்தார். “அட்டை மேலிடத்திலிருந்து அடித்து வருகிறது, சார். போர்வைதான் என் கையில் இருக்கிறது.”

எழும்பூரில் அந்தப் போர்வை இருந்திருந்தால் வருடக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கும். குற்றம் எழும்பூருடையது அல்ல. பாந்தியன் சாலையில் மழைக்கு ஒதுங்க அந்தப் பாட்டி வரப்போவதில்லை, அவ்வளவுதான். ஆயிரம் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்கிறீர்கள். உண்மை. ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது திருப்பிப் போட்டிருப்பது தெரியாது. எனக்குத் தெரிந்ததா? நானும்தான் அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதனால் எல்லா அட்டைகளையும் நிகழ்காலத்துக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சிலவற்றில் இறந்தகாலம்தான் நேர்மை. அங்கே நீங்கள் ஒரு தோடர் குடிசையின் மாதிரியைப் பார்த்திருக்கலாம். வில்லாக வளைந்த கூரை, தவழ்ந்து போக வேண்டிய சின்ன வாசல். இன்று மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், பெரும்பாலும் சிமென்ட் வீடுகள்தான். குளிருக்கு அது வசதி, பிள்ளைகளுக்கு மின்விளக்கு. அதில் நாம் அங்கலாய்க்க ஒன்றுமில்லை. பெரம்பூரில் ஓட்டு வீடு இடிந்ததற்கு நாம் அழுதோமா? ஆனால் கோயில்களுக்கு இன்றும் பழைய கூரை வேண்டும். அதற்கான புல் மலையின் சதுப்புகளில் வளர்வது. வளைப்பதற்கு மூங்கில், கட்டுவதற்குப் பிரம்பு. சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். புல்வெளிகளின் மேல் நூற்றாண்டுக்கும் மேலாக யூகலிப்டஸ், சீகை (வாட்டில்), பைன் என்று அந்நிய மரங்களை நட்டார்கள். எருமைக்கு மேய்ச்சல் குறைந்தது, கூரைக்குப் புல் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியதாயிற்று. நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கேரட் தோட்டமும் ஒருகாலத்தில் அப்படி ஒரு சதுப்பாக இருந்திருக்கலாம். அந்தக் கூரையைப் பற்றி ஓர் அட்டை எழுதச் சொன்னால் எந்தக் காலத்தில் எழுதுவது என்று எனக்குக் கை ஓடாது. சென்னைக்குக் கொண்டுவந்தால் அந்தக் குடிசைக்கு ஜன்னல்வழி தெரியும் கேரட் தோட்டமும் போய்விடும். அந்த ஜன்னலையும் காட்சிப்பொருளாக எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

கண்ணாடிக்குள் இல்லாததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த மூங்கில் குழாயும் மத்தும் வீட்டுப் புழக்கத்துக்கானவையாகத்தான் இருக்கும். பால்மனையான கோயிலில் புழங்கும் பாத்திரங்களை அதற்கென்று விரதமிருக்கும் பூசாரியைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. 1901–02-இல் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் வந்து தோடர்களின் சடங்குகளைத் துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார். அவருக்குச் சொன்னவர்கள் சிலருக்கு அந்த நாள்களிலேயே நோயும் சாவும் நேர்ந்தன. சொல்லக் கூடாததைச் சொன்னதால்தான் என்று தோடர்கள் கருதினார்கள். இதை அவரே பதிவும் செய்திருக்கிறார். புத்தகம் 1906-இல் வந்தது, பெயரும் வாங்கியது. ஆகவே அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோமே என்று குறைப்படாதீர்கள். அவர்கள் நமக்குக் காட்டச் சம்மதித்தது அரை மணி நேரத்துக்கு உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போனால் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்துக்குப் போங்கள். கூம்பு வடிவக் கோயில் ஒன்று நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். பெண்கள் அருகே போவதில்லை, ஆண்களும் விருந்தாளிகளாக நடந்துகொள்வது நல்லது. நூல்வேலை செய்யும் பெண்கள் இருந்தால் ஊசியின் போக்கை மகனைக் கவனிக்கச் சொல்லுங்கள். எண்ணும்போது மட்டும் பேச்சுக் கொடுக்க வேண்டாம், கணக்குத் தவறினால் பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டும். வாங்கினால் பேரம் பேசாதீர்கள். எழும்பூருக்கும் அழைத்துப் போங்கள். மானிடவியல் பிரிவில் அட்டைகளின் வினைமுற்றுகளை அவன் எண்ணட்டும். எத்தனை ‘-னர்’ என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

நானும் ஒரு சின்னச் சால்வை வாங்கி வந்தேன். மயிலாப்பூர் புழுக்கத்தில் போர்த்த வழியில்லாமல் வாசிக்கும் நாற்காலியின் முதுகில் போட்டிருக்கிறேன். மேடு தட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி போடுவேன். மறுநாள் காலை வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும். வீட்டைப் பெருக்க வரும் அம்மா, யாரோ தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஒழுங்காகத் திருப்பி மடித்து வைத்துவிட்டுப் போகிறார். இரண்டு முறை விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். இன்று காலையும் திருப்பி வைத்திருக்கிறார்.

அன்புடன்.