மகனின் கையில் பிழை இல்லை, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை தலவாக்கலையில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, பையைத் திறந்து, லேசர் மெஷினில் பெயர் பொறிக்கும் கடையில் வேலை பழகும் உங்கள் மகன் செய்த ஏழு மரத்துண்டுகளை என் மேசையில் கொட்டினீர்கள். "இவனுக்குக் கை ஒழுங்கில்ல சார். முதலாளி ஏசுறார். கொழும்புல ஏதாவது கடைக்கு அனுப்பிடவா?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று நிதானமாகப் பேச முடியவில்லை. நேற்று இரவு அந்த ஏழையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். அனுப்ப வேண்டாம் அம்மா. அவன் கையில் பிழை இல்லை.

சாவிக்கொத்தில் மாட்டும் அந்த ஏழு துண்டிலும் பெயர் வலது பக்கம்தான் தள்ளியிருக்கிறது. ஏழிலும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். கவனமில்லாத கை என்றால் ஒன்று இடப்பக்கம் போயிருக்கும், ஒன்று மேலே ஏறியிருக்கும், இன்னொன்று கோணியிருக்கும். தேயிலைக் கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். தராசு முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால் எல்லாருடைய கொழுந்திலும் ஒரே அளவுதான் குறையும். அதற்குப் பறித்தவரை யாரும் ஏச முடியாது, தராசைத்தான் சரி பார்க்க வேண்டும். இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் தடித்து, மங்கி, கருகியிருக்கிறது. லேசர் கதிர் ஓர் உயரத்தில்தான் ஊசி முனை போலக் கூர்மையாக விழும். அதைத்தான் ஃபோகஸ் என்கிறார்கள். மகன் முதலில் 3 மில்லிமீற்றர் பலகையில் பழகியிருக்கிறான். வாடிக்கையாளர் கொடுத்த துண்டு 6 மில்லிமீற்றர். தடிப்பு மாறியதும் உயரத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பல மெஷின்களில் இடம் காட்டும் சிவப்புப் புள்ளி பக்கவாட்டில் இருந்து சரிவாகத்தான் வரும். உயரம் மாறினால் அந்தப் புள்ளி ஓர் இடத்தில் நிற்கும், கதிர் வேறோர் இடத்தில் சுடும். அவன் புள்ளியை நம்பி ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறான், புள்ளி பொய் சொல்லியிருக்கிறது. இது என் கணிப்புத்தான். ஆனால் இதைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். கழிவுத் துண்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, குறைந்த வலுவில் ஒரு புள்ளி சுட்டுப் பார்க்கட்டும். சுட்ட இடமும் சிவப்புப் புள்ளியும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது உடனே தெரிந்துவிடும்.

ஒன்றரை மில்லிமீற்றர் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். இரு பக்கமும் 5 மில்லிமீற்றர் ஓரம் விட்ட எழுத்து அவ்வளவு நகர்ந்தால் ஒரு பக்கம் 3.5, மறுபக்கம் 6.5 ஆகிவிடும். அந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படும். கோணல் இன்னும் மோசம். 20 சென்ரிமீற்றர் பெயர்ப் பலகையை ஒரே ஒரு பாகை திருப்பி வைத்தாலும், மறு முனையில் 3.5 மில்லிமீற்றர் சரிந்து நிற்கும். வரைவதைக் கணினி பார்த்துக்கொள்ளும். பொருளைச் சரியான இடத்தில் வைப்பதற்குத்தான் மனிதன் தேவை, அதற்குத்தான் சம்பளம்.

அவன் முதலில் கற்க வேண்டியது ஜிக் செய்வது, அதாவது எல்லாத் துண்டையும் ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம் செய்வது. சொல்வது எளிது. மெஷின் தட்டில் ஒரு கெட்டி அட்டையை அசையாமல் ஒட்டி, துண்டின் வடிவத்தை அந்த மெஷினைக் கொண்டே வெட்ட வேண்டும். ஓட்டையை வெட்டியதே அந்த மெஷின் என்பதால் அதன் இடம் அதற்குத் தெரியும். அப்புறம் ஒவ்வொரு துண்டையும் ஓட்டையில் வைத்துச் சுட வேண்டியதுதான், தனித்தனியாக அளக்கத் தேவையில்லை. அறுபது துண்டு வந்தாலும் அறுபதும் ஒரே மாதிரி வரும். இடையில் கரண்ட் போனால் மட்டும் கவனம். மெஷினை மீண்டும் ஆரம்பப் புள்ளிக்குக் கொண்டுபோகாமல் தொடரக் கூடாது.

நம்ம ஊர் ஈரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழை மாதத்தில் சுவரில் சாய்த்து வைத்த பிளைவுட் வில்லாக வளைந்துவிடும். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்தால் ஒரே பலகையில் ஓர் எழுத்து கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் விழும். பலகையைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். இதைக் கொழும்பில் பழகியவர்களைவிட உங்கள் மகன் சீக்கிரம் புரிந்துகொள்வான்.

அந்தக் கடையைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியவையும் மூன்று உண்டு, ஏச்சைவிட அவை முக்கியம். புகையை வெளியே இழுக்கும் குழாய் இருக்கிறதா? மெஷின் மூடியோடு உள்ளதா? மூடி இல்லாத நீலக் கதிர் மெஷின் என்றால் அந்தக் கதிருக்கென்றே செய்த கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது, பார்வை போய்விடும். பிவிசி என்ற பிளாஸ்டிக்கை வெட்டுகிறார்களா? அதை ஒருபோதும் வெட்டக் கூடாது, அதிலிருந்து வரும் புகை நஞ்சு. இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைக்காவிட்டால் கடையை மாற்றலாம், தொழிலை மாற்ற வேண்டாம்.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். லேசர் என்ற பெயரிலேயே பாடநெறி தேடி அலைய வேண்டாம். கணினி வரைகலையில் தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டம் வரை போனால் இந்த வேலைக்கும் அச்சக வேலைக்கும் உதவும். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலும், தொழிற்பயிற்சி அதிகார சபையின் கிளையிலும் இந்த வருடம் என்ன பாடநெறி நடக்கிறது என்று கேளுங்கள். தனியார் நிலையம் என்றால், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று பார்க்காமல் காசு கட்ட வேண்டாம். வேலை அனுபவத்தை வைத்தே மதிப்பிட்டுத் தகைமை தரும் வழியும் இருக்கிறது. அதனால் செய்த வேலைகளின் படங்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் ஒட்டி வரட்டும்.

முதலாளியிடம் நானே பேசுகிறேன். அவர் கெட்டவர் இல்லை, பொருள் வீணான கோபம் அவருக்கு. வரும் சனிக்கிழமை மகனை அனுப்புங்கள், நீங்கள் கொழுந்து வேலையை விட்டு வரத் தேவையில்லை. ஏழு துண்டும் என் மேசையில்தான் இருக்கின்றன. அளவுகோலை அவன் கையில் கொடுக்கிறேன், அவனே அளந்து பார்க்கட்டும்.