நினைத்தால் எழுந்துவிடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு வயது 24. நான்கு மாதமாக வேலைக்குப் போகவில்லை, அறையை விட்டே வருவதில்லை. மனநல மருத்துவர் மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். பத்து நாளாகியும் மாற்றமில்லை. அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவார்கள் என்கிறார்கள். நிறுத்திவிட்டு உடற்பயிற்சி, தியானம் என்று போகலாமா? அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நினைத்தால் எழுந்துவிடலாம், நினைக்கத்தான் மாட்டேன் என்கிறான்.

ர.

அன்புள்ள ர.,

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பத்து நாள் போதாது. இந்த மருந்துகள் வேலை செய்வது தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட. குடிக்கு ஏங்குவதுபோல இவற்றுக்கு யாரும் ஏங்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், குமட்டும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல வெட்டும். அதைப் பார்த்துத்தான் அடிமை என்கிறார்கள். நிறுத்தும் காலம் வந்தால் மருத்துவர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். உடற்பயிற்சி நல்லது, மாத்திரையோடு சேர்த்து. தியானம் எல்லோருக்கும் ஒத்துவராது. கண்ணை மூடினால் மனம் இன்னும் மோசமாகக் குதறுகிறது என்பவர்களும் உண்டு. அதை அவன் விருப்பத்துக்கு விடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னைக் கடுப்பேற்றிய சொல்லுக்கு வருகிறேன். 'நினைத்தால்.'

சில வருடங்களுக்கு முன்பு நானும் இப்படிக் கிடந்தேன். ஒருவருக்கு இரண்டு வரியில் பதில் எழுத வேண்டியிருந்தது. கழுவாத தட்டுகள் குவிந்து கிடந்தன. நினைக்கவில்லை என்கிறீர்களா? விழித்த நொடியிலிருந்து அந்த இரண்டு வரியையும் அந்தத் தட்டுகளையும் தவிர நான் வேறு எதையுமே நினைக்கவில்லை. நினைப்புக்கும் கைக்கும் நடுவில் இருந்த வழிதான் அறுந்து போயிருந்தது. என் அக்கா வாசலில் நின்று, "கொஞ்சம் மனசு வையேன்டா" என்பார். பாசத்தில்தான் சொன்னார். அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும், என்மேல் நானே போட்டு வைத்திருந்த குற்றப்பட்டியலில் ஒரு வரி கூடும். உங்கள் தம்பியிடமும் அந்தப் பட்டியல் இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் சொற்களும் இதில் கொஞ்சம் குழப்புகின்றன. தேர்வுக்கு முந்தின நாள் படபடப்பும் மன அழுத்தம், மேலதிகாரியின் தொல்லையும் மன அழுத்தம், இதுவும் மன அழுத்தம். அழுத்தம் என்றதும் எது அழுத்துகிறது என்று வெளியே தேடுகிறோம். எதுவும் அகப்படாவிட்டால், 'ஒரு குறையும் இல்லையே, அப்புறம் என்ன?' என்று எழுதுகிறோம். மருத்துவர்கள் மனச்சோர்வு என்பார்கள். அதுவும் படுத்து எழுந்தால் போய்விடும் என்பதுபோல ஒலிக்கிறது. பெயர் கெடுதல் செய்வது புதிதல்ல. 1908இல் ஆய்கன் பிளாய்லர் என்ற மனநல மருத்துவர், நாம் மனச்சிதைவு என்னும் நோய்க்கு, 'பிளவு', 'மனம்' என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயர் வைத்தார். அது ஓர் உடலில் இரண்டு ஆட்கள் குடியிருக்கும் நோய் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது அப்படி அல்லவே அல்ல. தம்பிக்கு வந்திருப்பதிலும் சோகம் ஒரு பகுதிதான். எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, கவனம் நிற்காதது, உடம்பே மந்தமாவது, எல்லாம் சேர்ந்த நோய் அது. காரணம் பரம்பரையாக இருக்கலாம், இழப்பாக இருக்கலாம். குறிப்பிட்டுக் காட்ட ஒன்றுமே இல்லாமலும் வரும்.

என் நண்பர் ஒருவர் வந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நேராகப் போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். ஒரு துணியை என் கையில் கொடுத்து, "நீ துடை. ஒன்றே ஒன்று" என்றார். துடைத்தேன். அவர் பாராட்டவில்லை, அதுதான் பெரிய உபகாரம். மறுநாளும் வந்தார், அன்று இரண்டு. மருத்துவரும் மாத்திரையும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அறுந்த வழியில் முதல் முடிச்சு அந்தத் துணிதான். ஆசை வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாகச் செய்ய வைத்து ஆசையைப் பின்னால் வரவழைப்பது ஒரு சிகிச்சை முறை. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்பார்கள். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் அதற்கு அடித்தளம் போட்டார் என்பதைப் பின்னால்தான் படித்தேன். நண்பருக்கு லெவின்சனைத் தெரியாது. அழுக்குத் தட்டைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

'நாங்களும் எழுந்திரு என்றுதானே சொல்கிறோம்' என்பீர்கள். இல்லை. நீங்கள் வாசலில் நின்று சொல்கிறீர்கள், அவர் பக்கத்தில் நின்று செய்தார். குளி என்று சொல்லாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தால் போதும். நடைப்பயிற்சி வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை கூடப் போய்த் திரும்பி வாருங்கள். செய்துவிட்டால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லாதீர்கள். செய்யாவிட்டால் பெருமூச்சு விடாதீர்கள். பெருமூச்சு சுவரைத் தாண்டிக் கேட்கும், எனக்குக் கேட்டது.

நீங்கள் கேட்கப் பயந்து விட்ட ஒன்று இருக்கிறது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவனிடமே, அதே வார்த்தையில் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இளம் வயதினருக்கு மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் அது கூடவும் செய்யலாம், அதனால் இப்போதே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள், மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். இந்தப் பதிலை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.