நிலைக்குமா என்று கேட்கிறீர், அது எப்பவோ நிலைத்துவிட்டது

தம்பி, யேர்மனிக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, வேலையிடத்தில் எல்லாரும் அமெரிக்கன் ஃபுட்போல் பற்றியே கதைக்கிறார்கள், அந்த விளையாட்டு அமெரிக்காவுக்கு வெளியே எடுபடுமா, நானும் ஒரு டிக்கெட் வாங்கிப் போகட்டா என்று கேட்டிருக்கிறீர். கூடவே வரி வகுப்பு, குளிர் ஜக்கெட். வரிக்கு ஒரு கணக்காளரைப் பிடியும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

தொண்ணூறுகளில் நான் பிராங்ஃபேர்ட் வந்தபோது நகரம் முழுக்க அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களைப் பார்த்துத்தான் யேர்மன் பெடியன்கள் 1977இலேயே இங்கே முதல் கழகத்தைத் தொடங்கினார்கள், 1979இல் லீக்கும் வந்துவிட்டது. பிறகு அமெரிக்காக்காரரே ஐரோப்பாவுக்கென்று ஒரு லீக் நடத்தினார்கள், இங்கே கலக்சி என்று ஒரு அணி. ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்கு வெளியே குப்பை கூட்டுவதுதான் என் வேலை. கூட வேலை செய்த முன்னாள் சிப்பாய் ஒருவர், டொச் (யேர்மன் மொழி) எங்கள் இருவருக்கும் தெரியாது, பியர் மூடிகளை மேசையில் பரப்பி, நாலு தரத்துக்குள் பந்தோடு பத்து யார் தூரம் முன்னே போகவேண்டும், போகாவிட்டால் பந்து எதிராளிக்கு என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. சம்பளத்தை மட்டும் முதலாளி கடைசிவரை முழுதாகத் தரவில்லை, அது வேறு கதை.

அந்த லீக் நட்டத்தில் ஓடி 2007இல் மூடப்பட்டது. அப்போது ஆறு அணிகளில் ஐந்து யேர்மனியில்தான். கடைசி இறுதியாட்டத்துக்கு பிராங்ஃபேர்ட்டில் 48,000 பேர் வந்தார்கள், ஒரு கிழமைக்குள் இழுத்து மூடிவிட்டார்கள். ஆனால் சனம் எங்கேயும் போகவில்லை. 2022இல் மியூனிக்கில், அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எஃப்.எல். தன் பருவ ஆட்டம் ஒன்றை யேர்மனியில் முதல்தரம் வைத்தபோது கிட்டத்தட்ட 70,000 பேர் வந்தார்கள், 30 இலட்சம் டிக்கெட் இருந்திருந்தாலும் விற்றிருக்கும் என்று விற்றவர்களே சொன்னார்கள். அடுத்த வருடம் இங்கே பிராங்ஃபேர்ட்டிலேயே இரண்டு ஆட்டம், 2025இல் பெர்லின். ஒரு முக்கியக் காரணம் நேரம்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டம் இங்கே இரவு ஏழு மணிக்கு, காசில்லாத தொலைக்காட்சியில் வருகிறது. ஊரில் அப்போது இரவு பத்தரை, பதினொன்றரை, விடிந்தால் வேலை. அங்கே கிரிக்கெட்டை இது அசைக்கப்போவதில்லை. மூன்று மணித்தியால ஆட்டத்தில் பந்து ஓடுவது பதினொரு நிமிடம் என்று குறை சொல்வார்கள், ஐந்து நாள் டெஸ்ட் பார்த்த நமக்கு அது ஒரு குறையா?

இனிக் கவனமாகக் கேளும். டிக்கெட்டை முகம் தெரியாதவனிடம் வாங்காதேயும். தெரிந்த பெடியன் ஒருவன் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து, கேட் வரைக்கும் போய்த்தான் அது பொய் டிக்கெட் என்று அறிந்தான். சுப்பர் போல், அதாவது என்.எஃப்.எல். இறுதியாட்டம், இங்கே திங்கள் அதிகாலை பன்னிரண்டரைக்குத் தொடங்கும், விடிய விடியப் பார்த்த மேலாளர் காலை எட்டு மணிக்கு உம்மை நேரத்துக்கு எதிர்பார்ப்பார், முதலே லீவு கேட்டுவையும். விதி தெரியாமல் நூறு யூரோ ஜேர்சி போட்டுக்கொண்டு மேலாளருக்குப் பக்கத்தில் கத்துகிற நம்மவர்களையும் கண்டிருக்கிறேன், யேர்மன்காரர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள், ஆனால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட மோசம், முப்பது வருடமாகப் பழைய மாணவர் சங்கக் கிரிக்கெட்டையும் கொத்துரொட்டியையும் தாண்டாமல், வெள்ளையளோடு பழக ஏலாது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள். பழகிப் பார்த்தால்தானே தெரியும்!

பெரிய ஆட்டத்துக்கு அவசரப்படாதேயும். கோடையில் உள்ளூர்க் கழக ஆட்டம் ஒன்றுக்குப் போம், நுழைவு மலிவு, சொசேஜ் சுடுகிற புகைக்குள் நின்று பக்கத்தில் நிற்கிற கிழவரிடம் ஒரு விதி கேட்டுப்பாரும், நிறுத்தவே மாட்டார், டொச்சும் இலவசம். ஜக்கெட் பழைய துணிக்கடையில் வாங்கும், தண்ணீர் உள்ளே இறங்காததாகப் பார்த்து.